லாக்டவுன்ல மருந்துக்கடை கவுண்டர்ல கேட்ட கேள்விங்க, நான் சொன்ன பதிலுங்க (கொடைக்கானல்)

நான் கொடைக்கானல்ல மூஞ்சிக்கல் பக்கம் ஒரு மெடிக்கல்ல நிக்கிற ஆளு. டி.ஃபார்ம் படிச்சிருக்கேன், டாக்டர் இல்ல, இத முதல்லயே சொல்லிர்றேன். 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு தமிழ்நாட்டுல 144 போட்டாங்க, அன்னைக்கு ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவில பேசுனாரு, கொரோனா லாக்டவுன் 21 நாள்னு ஆரம்பிச்சது ஏப்ரல் 14, மே 3, மே 17, மே 31னு இழுத்துக்கிட்டே போச்சு. ஊரே பூட்டிக் கெடந்தப்ப தெறந்திருந்தது பால் கடை, ரேஷன் கடை, அப்பறம் எங்க கடை. அதனால டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது, பேங்க்ல கேக்க வேண்டியது, சாமிகிட்ட கேக்க வேண்டியது எல்லாத்தையும் என்கிட்டயே கேட்டாங்க. இப்பவும் மழை காலத்துல காய்ச்சல் கூடி டிவில ஏதாவது புது வைரஸ்னு சொன்னா அதே கேள்விங்க திரும்ப வருது, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் எழுதிட்டேன்.

மூச்சு விட முடியல தம்பி, நெஞ்ச அடைக்குது. கொரோனாதானா இது?

ரொம்ப பேரு கேட்டது இதான், நீளமாவே சொல்றேன். இதக் கேக்குறவங்க அந்தக் கேள்விய ஒரே மூச்சுல சொல்லி முடிக்கிறாங்களா, இல்ல ரெண்டு வார்த்தைக்கு ஒருக்க நிறுத்தி நிறுத்தி இழுக்குறாங்களான்னுதான் நான் முதல்ல பாப்பேன். நிறுத்தி நிறுத்தி பேசுனா, உதடு நீலமா இருந்தா, நெஞ்சு வலி தோள்பட்ட தாடைன்னு பரவுனா அங்க பேச்சே கெடையாது, 108தான். கேஸா இருக்கும் பதட்டமா இருக்கும்னு நாமளா முடிவு கட்டக்கூடாது.

அப்படி இல்லாம நல்லா பேசிக்கிட்டே மூச்சு அடைக்குதுன்னு சொல்றவங்கதான் அந்த ஏப்ரல் மாசத்துல அதிகம். பதட்டத்துல வர்ற மூச்சடைப்பு சட்டுனு வரும், பத்து நிமிஷத்துல உச்சிக்கு ஏறும், அரைமணி நேரத்துல தானா எறங்கிரும், விரல் நுனி மரத்துப் போகும், உள்ளங்கை வேர்க்கும், செத்துருவோம்னே தோணும். கொரோனால வர்ற திணறல் அப்படி வந்து வந்து போறது இல்ல. பெரும்பாலும் காய்ச்சல் இருமல்னு ஆரம்பிச்சு, நாலஞ்சு நாள் கழிச்சு மெல்ல மெல்ல கூடும், நாலு எட்டு வச்சா இன்னும் கூடும். ரெண்டும் கலந்தும் வரலாம், சந்தேகமா இருந்தா ஆஸ்பத்திரிக்கு போறது தப்பே இல்ல.

ஒரு டாக்ஸி டிரைவர், நல்ல பழக்கம், ஏப்ரல் ரெண்டாவது வாரத்துல ஒரே நாள்ல மூணு தடவ வந்தாரு, அண்ணே நெஞ்ச அடைக்குதுண்ணேன்னு. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. மூணாவது தடவ வந்தப்ப எனக்கே என்னமோ தோணுச்சு, காலைல கண்ணு முழிச்சதும் மொத நெனப்பு என்ன வருதுன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல, "கார் டியூ"ன்னாரு. அப்பறம் ஒரு மாத்திர பொட்டிய கிழிச்சு அதோட பின்பக்கம் ரெண்டு கோடு போட்டு மூணு கட்டமாக்கி குடுத்தேன். நோயைப் பத்தின பயம் ஒரு கட்டம், காசு பயம் ஒரு கட்டம், நாலு பேரு என்ன சொல்லுவாங்கங்கற பயம் ஒரு கட்டம், எதுல எம்புட்டுன்னு எழுதுங்கன்னேன். அவரு முதல் கட்டத்துல ஒண்ணுமே எழுதல. ரெண்டாவதுல எழுதி எழுதி எடம் பத்தாம மூணாவதுக்குள்ள போயிட்டாரு. அதுக்கப்பறம் எத்தன பொட்டிய கிழிச்சேன்னு தெரியாது, முதலாளி கூட ஏம்ப்பா காலி பொட்டி ஒண்ணயும் காணோம்னு கேட்டாரு.

பயம் மொத்தமா வர்றப்ப ஒரு கை கால் இல்லாத பூதம் மாதிரி இருக்கு. காசு பயத்துக்கு செய்ய வேண்டிய வேல வேற, நோய் பயத்துக்கு வேற. காசு பயத்துக்கு ஆவி புடிச்சு என்ன ஆகப்போகுது?

அந்த நேரத்துக்கு உடனடியா செய்யறதுன்னா, மூக்கு வழியா நாலு எண்ணி இழுங்க, வாய் வழியா ஆறு எண்ணி விடுங்க, அஞ்சு நிமிஷம். வெளிய விடுற மூச்சு நீளமா இருக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம். வேகமா வேகமா இழுத்தா இன்னும் மரத்துப்போகும்.

ஆக்சிமீட்டர்ல 94 காட்டுது, மதுரைல இருக்குற எங்க அக்காவுக்கு 98 காட்டுதாம். நான் போயிருவேனா?

ஆக்சிமீட்டர்னா விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு பாக்குற மெஷினு. இது மலைல இருக்குறவங்களுக்கு மட்டும் வர்ற கேள்வி, எந்த டிவிலயும் இதுக்கு பதில் சொல்லல. கொடைக்கானல் கடல் மட்டத்துலேர்ந்து ஏழாயிரம் அடி, சுமார் 2100 மீட்டர். மேல வர வர காத்தோட அழுத்தம் கம்மி, அதனால ஒவ்வொரு மூச்சுலயும் கெடைக்கிற ஆக்சிஜன் கொஞ்சம் கம்மி. கீழ 98 காட்டுற அதே நல்ல ஆளுக்கு இங்க 95, 96ன்னு காட்டலாம், அது நோய் இல்ல.

அதோட இங்க குளிரு. விரல் சில்லுனு இருந்தா ரத்த ஓட்டம் சரியா போகாது, அந்த மெஷினு கன்னாபின்னான்னு காட்டும். 2021 மே மாசம் ஒரு அம்மா விடிகாலைல குழாயில பாத்திரம் கழுவிட்டு அதே ஈரக்கையோட மாட்டி பாத்து 86னு வந்ததும் வீடே அழுதுக்கிட்டு கடைக்கு ஓடி வந்துச்சு. கைய நல்லா தேச்சு சூடாக்கி, அஞ்சு நிமிஷம் உக்கார வச்சு, திரும்ப மாட்டுனா 96. மருதாணி, நகப்பூச்சு இருந்தாலும் தப்பா காட்டும். விரல மாட்டுன உடனே வர்ற நம்பர பாக்காதீங்க, ஒரு நிமிஷம் ஆடாம இருந்து நம்பர் நின்னதும் பாருங்க.

ஆனா இத நான் சொல்லப்போயி இன்னொரு வம்பு ஆச்சு. "மலைல அப்படித்தான் காட்டும்"னு சொல்லிக்கிட்டு 90 காட்டுறப்பவும் வீட்லயே கெடந்தவங்க இருந்தாங்க. அதுதான் ரொம்ப ஆபத்து. கொரோனால சில பேருக்கு ஆக்சிஜன் எறங்குறதே தெரியாது, சிரிச்சு பேசிக்கிட்டே இருப்பாங்க. அதனால ஒடம்பு நல்லா இருக்குறப்ப உங்களுக்கு வழக்கமா எவ்வளவு காட்டுதுன்னு மூணு நாள் பாத்து காலண்டர்ல எழுதி வச்சுக்கங்க. காய்ச்சல் வந்தப்பறம் அதுலேர்ந்து மூணு நாலு கொறஞ்சு நின்னாலோ, சூடான விரல்ல 94க்கு கீழயே நின்னாலோ மலை மேல பழி போடாம கெளம்பிருங்க. இங்கேருந்து திண்டுக்கலோ தேனி கானாவிலக்கு மெடிக்கல் காலேஜோ போகணும்னா வளைவு வளைவா எறங்கி மூணு மணி நேரம் ஆகும், கீழ இருக்குறவங்க மாதிரி கடைசி நேரத்துல பாத்துக்கலாம்னு நாம இருக்க முடியாது.

தூக்கமே வரல, தூக்க மாத்திரை ஒண்ணே ஒண்ணு குடு.

சீட்டு இல்லாம தர மாட்டேன், அன்னைக்கும் தரல இன்னைக்கும் தரல. கோவிச்சுக்கிட்டு போனவங்க உண்டு. மத்தியானம் மூணு மணி நேரம் தூங்கிட்டு ராத்திரி தூக்கம் வரலங்கறவங்கதான் பாதி. வேலைக்கு போகாத மனுசனுக்கு ராத்திரி எப்படி தூக்கம் வரும்? எந்திரிக்கிற நேரத்த மட்டும் மாத்தாதீங்க, எத்தன மணிக்கு தூங்குனாலும் காலைல அதே நேரம் எந்திரிங்க, ஒரு வாரத்துல வழிக்கு வரும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் இல்ல, சாப்பாடும் எறங்கல, எதுலயும் பிடிப்பு இல்ல, சாகலாம்னு நெனப்பு வருதுன்னா அது வேற, அத மறைக்காம ஆஸ்பத்திரில சொல்லணும். இப்ப மனசு கஷ்டத்துக்கு பேசுற டெலி மானஸ் நம்பர் 14416 இருக்கு, 2022லேர்ந்து, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. 104லயும் பேசலாம்.

வேப்பிலை கட்டுனா வராதாமே? கபசுர குடிநீர்? ஆவி?

வேப்பிலை கட்டுனா கொரோனா வராதுன்னா அந்த வைரஸுக்கு வேப்பிலைன்னா என்னன்னு தெரியணும்ல. ஆனா ஒண்ணு சொல்லணும், கொடைக்கானல் குளிருக்கு வேப்பமரம் வராது. அப்ப எல்லா வீட்டு வாசல்லயும் தொங்குன வேப்பிலை எங்கேருந்து வந்துச்சு? வத்தலக்குண்டுலேர்ந்து காய் ஏத்திட்டு வந்த வண்டில, இ-பாஸ் இல்லாம, போலீசும் கேக்கல, அதுவும் அத்தியாவசியப் பொருள் ஆயிருச்சு போல! எங்க அம்மாவும் கட்டுச்சு, நான் கழட்டல. கட்டுன அன்னைக்கு ராத்திரி அம்மா நல்லா தூங்குச்சு, எனக்கு அது போதும்.

கபசுர குடிநீர அரசாங்கமே குடுத்துச்சு, குடிச்சவங்க குடிக்கட்டும், ஆனா அத குடிச்சுட்டேன்னு மாஸ்க்க கழட்டுனதும் பிரஷர் மாத்திரைய நிறுத்துனதும்தான் தப்பு. ஆவி புடிக்கிறது மூக்கடைப்புக்கு சுகம், வைரஸ கொல்லாது. சின்ன பிள்ளைக்கு கொதிக்கிற சட்டிய முன்னால வச்சு போர்வைய போத்தி, கவுந்து தொடை வெந்து பர்னால் கேட்டு வந்தாங்க. கொரோனா வரல, தீக்காயம் வந்துச்சு. தைலத்த தண்ணில ஊத்துறேன்னு சில பேரு உள்ளுக்கும் குடிச்சாங்க. நம்ம ஊரு யூகலிப்டஸ் தைலம் வெளிய தடவத்தான், உள்ள போனா வலிப்பு வரும், பிள்ளைங்களுக்கு ரொம்ப ஆபத்து.

மாஸ்க் வெலை ஏத்தி வித்தீங்களா இல்லையா?

மார்ச் மொத வாரத்துல எங்களுக்கே வெலை ஏத்தித்தான் வந்துச்சு, அதுக்கு மேல வச்சு வித்தோம், ஒத்துக்கிறேன். மார்ச் 21ல மத்திய அரசு மூணு மடிப்பு மாஸ்க் 10 ரூபாய்க்கு மேல விக்கக்கூடாது, சானிடைசர் 200 மில்லி 100 ரூபாய்க்கு மேல போகக்கூடாதுன்னு சொன்னப்பறம் அந்த வெலைக்கு சரக்கே வரல. அப்பறம் மகளிர் குழுக்காரங்க துணில தச்சு குடுத்தாங்க, பூப்போட்ட மாஸ்க்கெல்லாம் போட்டு பெருசுங்க அலைஞ்சது கண்ணுக்குள்ள நிக்கிது.

கீழேருந்து வர்றவங்கள பாத்தாலே பயமா இருக்கு. அப்படி நெனக்கிறது தப்பா?

இதத்தான் நான் ரொம்ப யோசிச்சேன். நம்ம ஊரு பொழப்பே கீழேருந்து வர்றவங்கள நம்பி. ஏப்ரல், மே ரெண்டு மாச சீசன்ல சம்பாதிச்சத வச்சுத்தான் ஆடி ஐப்பசி மழையெல்லாம் ஓட்டணும். ஏரி சுத்தி குதிர வச்சிருக்கறவங்க, சைக்கிள் வாடகைக்கு விடுறவங்க, ஹோம்மேட் சாக்லேட் கடை, கோக்கர்ஸ் வாக்ல சோளம் சுடுற அக்கா, காட்டேஜ் வாட்ச்மேன், எல்லாரும் எப்படா வண்டி மேல ஏறி வரும்னு காத்திருக்கறவங்கதான். அதே ஆளுங்க 2020 ஏப்ரல்ல காமக்காபட்டி செக்போஸ்ட்ட தாண்டி ஒரு வெளியூர் வண்டி வந்துருச்சுன்னு கேள்விப்பட்டா போன போட்டு போலீசுக்கு சொன்னாங்க. வெள்ளி அருவிகிட்ட மறிச்சு திருப்பி அனுப்புனப்ப கை தட்டுனவங்களும் இருக்காங்க. வரவும் வேணும், வரவும் கூடாது. ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள்ள இருந்தா அது அடைக்காம என்ன செய்யும்?

பயப்படுறது தப்பு இல்ல. மலை மேல ஆஸ்பத்திரி வசதி கொஞ்சம், கீழ எறங்க நேரமாகும், வயசானவங்க ஜாஸ்தி, பயப்பட காரணம் இருந்துச்சு. ஆனா பயம் நோயைப் பாத்தா சரி, ஆளப் பாத்தாத்தான் கெட்டுப்போகுது. மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்ல பரவி, அத மூடுனப்ப அங்க மூட்ட தூக்குன பயலுக நம்ம பக்கத்து கிராமங்களுக்கும் திரும்பி வந்தானுக. ஒரு பையன டெஸ்ட்ல நெகட்டிவ் வந்தும் தெருக்குழாய்ல தண்ணி புடிக்க விடல. அவங்க அம்மா பெருமாள்மலைலேர்ந்து நடந்து வந்து என்கிட்ட கேட்டது ஒரு சானிடைசர் பாட்டில், அதுவும் அவங்களுக்கு இல்ல, தெருக்குழாய்ல வைக்க. "நாங்க புடிச்சதும் தொடச்சு வச்சுர்றோம்னு சொல்லணும்ப்பா"ன்னாங்க. காசு வாங்கல, இது பெருமைக்கு சொல்லல, அந்த எடத்துல எவனும் வாங்கிருக்க மாட்டான்.

வீட்டு முன்னால தகரம் அடிச்சது இன்னும் மோசம். நோய் வந்தவன் வீட்ட அடையாளம் போட்டா அடுத்தவன் நோய மறைப்பான், மறைச்சா பரவும். எங்க கடைக்கு வந்து "காய்ச்சல் எனக்கு இல்ல, கீழ இருக்குற தங்கச்சிக்கு"ன்னு பாராசிட்டமால் வாங்கிட்டு போனவங்க எத்தன பேரு! கொடைக்கானல்ல இருந்தவனுக்கெல்லாம் கீழ ஒரு தங்கச்சி இருந்தா.

சீசன் போச்சு, கடன் நிக்கிது. இதுக்கு ஏதாவது வழி?

நான் மாத்திர விக்கிறவன், ஆனாலும் தெரிஞ்சத சொன்னேன். மார்ச் 27ல ரிசர்வ் வங்கி மூணு மாசம் தவணைய தள்ளி வைக்கலாம்னு சொல்லுச்சு, பெறகு ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டுனாங்க. ஆனா தள்ளுபடி இல்ல, வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. நெறைய பேரு இலவசம்னு நெனச்சு பின்னாடி கணக்க பாத்து தலைல கை வச்சாங்க. முடிஞ்சவங்க கட்டிருக்கலாம், முடியாதவங்க எழுதிக் குடுத்து தள்ளி வச்சிருக்கணும், பேசாம இருந்ததுதான் தப்பாப் போச்சு. குழுக் கடன் வசூலுக்கு வர்றவங்க வாசல்ல நின்னு சத்தம் போட்டா, அது சட்டமில்ல, நாலு பொம்பளைங்க சேந்து நின்னு பேசுங்கன்னு சொன்னேன், ஒரு தெருவுல அப்படி நின்னாங்க, வந்த பையன் பாவம் அவனுக்கும் சம்பளம் வரலன்னு அவனும் சேந்து ஒக்காந்து டீ குடிச்சுட்டு போனான்.

ரேஷன்ல ஏப்ரல்ல 1000 ரூபாயும் அரிசி பருப்பு சீனி எண்ணெயும் குடுத்தாங்க. 2021ல ரெண்டு தவணையா 4000, கூட 14 பொருள் அடங்குன பை. அத வச்சு மனுசன் சாப்பிட்டுக்கலாம், குதிர? குதிரக்காரரு ஒருத்தரு கொள்ளு வாங்க காசில்லாம புல்லு மட்டும் போட்டு, வயிறு உப்பிருச்சு என்ன மாத்திர குடுக்கலாம்னு என்கிட்ட வந்தாரு. எனக்கென்ன தெரியும், கால்நடை டாக்டருக்கு போன போட்டுக் குடுத்தேன். பூம்பாறை, மன்னவனூர்ல மலைப்பூண்டு போட்டவங்க நெலமையும் அப்படித்தான், புவிசார் குறியீடு வாங்குன பூண்டு, ஆனா வடுகபட்டி சந்தை ஓடலன்னா பூண்டு வீட்டு பரண்லதான் தொங்கணும். கேரட் வெளைஞ்சு நின்னுச்சு, பறிக்கிற கூலி தேறல.

இதுல மனசுக்கு மருந்துன்னா ஒண்ணு பாத்தேன். கடன் எவ்வளவுன்னு வீட்ல சம்சாரத்துகிட்ட மறைச்சவங்கதான் நெஞ்சடைப்புன்னு வந்தாங்க. சொல்லிட்டவங்க சண்ட போட்டாங்க, ஆனா தூங்குனாங்க.

டாஸ்மாக் மூடி மூணு நாளாச்சு, எங்க வீட்டுக்காரருக்கு கை நடுங்குது, சுவத்துல பூச்சி ஊறுதுங்கறாரு.

இது பதட்டம் இல்ல, இது அவசரம். வருசக்கணக்கா தெனமும் குடிச்சவங்க சட்டுனு நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல நடுக்கம், வேர்வ, இல்லாதது கண்ணுக்கு தெரியறது, வலிப்பு வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்து. திருந்திட்டாருன்னு சந்தோசப்பட்டு வீட்ல வச்சிருக்காம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. 2020 மே 7ல கடைய தெறந்து, ஐகோர்ட்டு மூடச்சொல்லி, சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவுக்கு தடை போட்டு, 16ந்தேதி திரும்ப தெறந்தாங்க. அந்த இடைவெளில சானிடைசர் கேட்டு வந்தவங்களோட கண்ண பாத்தாலே எதுக்குன்னு தெரியும், நான் ஸ்டாக் இல்லன்னுருவேன்.

ஹைட்ராக்சி குளோரோகுயின் குடுங்க, பத்து அட்டை.

கிடையாது. கொரோனாவுக்கு கேக்கும்னு அப்ப பேச்சு கெளம்புன மாத்திர இது. மார்ச் கடைசிலயே டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு உத்தரவு வந்துருச்சு. அத வருசக்கணக்கா மூட்டுவாதத்துக்கு சாப்பிடுற ஒரு டீச்சரம்மாவுக்கே ஏப்ரல் பூரா கெடைக்கல, கை முட்டியெல்லாம் வீங்கிப்போச்சு. நீங்க பயத்துல வாங்கி அலமாரில வைக்கிற ஒவ்வொரு அட்டையும் யாரோ ஒருத்தரு வலிதான்னு கொஞ்சம் காரமாவே சொல்லிருக்கேன்.

தெனமும் சாயங்காலம் டிவில எண்ணிக்கை பாக்காம இருக்க முடியல.

எனக்கும்தான். அப்ப சுகாதாரத்துறை செயலரா இருந்த பீலா ராஜேஷ் வந்து இன்னைக்கு இத்தனைன்னு சொல்றது மெகா சீரியல் மாதிரி ஆயிருச்சு, வீட்ல எல்லாரும் ஒக்காந்து பாப்போம். ஒரு தடவ பாருங்க, போதும். வாட்ஸ்அப்ல வர்ற வாய்ஸ் மெசேஜ்ல "நான் ஒரு டாக்டர் பேசுறேன்"னு ஆரம்பிச்சு பேர சொல்லாம முடிச்சா அடுத்தவங்களுக்கு அனுப்பாதீங்க.

பிள்ளைங்க ஃபோனும் கையுமா இருக்கு, சொன்னா கத்துது.

கவுஞ்சி, பூண்டி பக்கம் இருக்குறவங்க இந்தக் கேள்விய கேக்கல, அவங்க கேட்டது டவர் எங்க கெடைக்கும்னு. ஆன்லைன் கிளாஸுக்கு பாறை மேல ஏறி மழைல கொட பிடிச்சுக்கிட்டு ஒக்காந்த பிள்ளைங்க, வீட்டுக்கு ஒரே ஃபோனு, அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டு போயிருவாரு. கல்வி டிவி ஓரளவு கை குடுத்துச்சு. 2020 ஜூன் 9ல பத்தாங்கிளாஸ் பரிட்சை ரத்து, எல்லாரும் பாஸுன்னு சொன்னப்ப குதிச்சவன் பாதி, அழுதவன் பாதி. நல்லா படிக்கிற ஒரு பிள்ள "நான் பாஸானேனா, பாஸாக்கிட்டாங்களாண்ணே"ன்னு கேட்டுச்சு. அதுக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல.

கத்துற பிள்ளைகிட்ட ஃபோன பிடுங்கி வச்சா மட்டும் போதாது, அந்த எடத்துல வேற ஏதாவது குடுக்கணும். பயம் பிள்ளைங்களுக்கும் இருந்துச்சு, சொல்லத் தெரியாம வயித்துவலின்னு வரும், படுக்கைல ஒண்ணுக்கு போகும். அடிக்காதீங்க.

தைலம் ஒண்ணு, வலி மாத்திர ஒண்ணு... வேற ஒண்ணும் இல்ல.

இது கேள்வி மாதிரி இல்ல, ஆனா இதுதான் கஷ்டமான கேள்வி. முழங்கைல காயம், மாஸ்க்குக்கு மேல கண்ணு கீழ கருப்பு, கூடவே வீட்டுக்காரரு வெளிய வண்டில நிப்பாரு. பேச முடியாது. நான் பில்லு பின்னாடி 181னு மட்டும் எழுதிக் குடுப்பேன், பொம்பளைங்களுக்கான நம்பர், பிள்ளைங்களுக்கு 1098. ஒரு அக்கா பில்ல வாங்கி மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுது. கூப்பிட்டுச்சா இல்லையான்னு எனக்கு தெரியாது.

சாவுக்கு கூட போக முடியல. அந்த உறுத்தல் எப்ப போகும்?

இருபது பேருக்கு மேல கூடாதுன்னு இருந்துச்சு. எங்க பெரியப்பா 2020 ஜூலைல கீழ வத்தலக்குண்டுல எறந்தாரு, கொரோனா இல்ல, வயசு. பாஸ் போட்டேன், அது வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. வீடியோ கால்ல பாத்தேன், நெட்டு கட்டாகி அவரு மொகம் பாதில நின்னுருச்சு, அந்த நின்ன மொகந்தான் இன்னும் வருது. அதனால இதுக்கு நான் வெளில நின்னு பதில் சொல்ல முடியாது. கேதத்துக்கு போறது செத்தவங்களுக்காக மட்டும் இல்லங்கறது அன்னைக்குத்தான் எனக்கு புரிஞ்சுது, கட்டிப்பிடிச்சு அழ ஒரு தோளு வேணும், அது கெடைக்காம உள்ளயே நின்னுருது. லாக்டவுன் தளந்தப்பறம் நான் போயி பெரியம்மா பக்கத்துல ரெண்டு நாள் சும்மா ஒக்காந்திருந்தேன், மாலை வாங்கிட்டு போயி படத்துக்கு போட்டேன். லேட்டானாலும் போங்க. அவங்களும் உங்கள எதிர்பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க.

தடுப்பூசி போட்டா செத்துருவாங்களாமே?

2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் ஊசி போட்ட ரெண்டாவது நாள் எறந்ததும் இந்தக் கேள்வி மளமளன்னு வந்துச்சு. அவருக்கு மாரடைப்பு, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு பின்னாடி குழு சொன்னப்ப யாரும் கேக்குற நெலமைல இல்ல. நான் ஒண்ணுதான் செஞ்சேன், ஊசி போட்ட கையோட வந்து கவுண்டர்ல நின்னேன், நீங்களே பாத்துக்கங்கன்னு. மறுநாள் எனக்கு காய்ச்சல், லீவு. அன்னைக்குன்னு பாத்து ஊரே கேட்டிருக்கு, எங்க அவன்னு!

ஏன்ப்பா, உனக்கு பயமே இல்லையா?

இருந்துச்சு. வீட்டுக்கு போனதும் பின்வாசல்ல சட்டைய கழட்டிட்டு பச்சத்தண்ணில குளிப்பேன், கொடைக்கானல் ஜனவரில பச்சத்தண்ணி எப்படி இருக்கும்னு இங்க இருக்குறவங்களுக்கு தெரியும். எங்க அம்மாவுக்கு சுகர். நான் வீட்டுக்கு கொண்டு வந்துருவேனோங்கறதுதான் என் பொட்டில மொத கட்டம், அது மட்டுந்தான் நெறஞ்சிருந்துச்சு.

சும்மா கெடந்த அந்த நாள எப்படி ஓட்டுனீங்க?

ஆளாளுக்கு ஒண்ணு. எங்க தெருவுல எல்லா வீட்லயும் வேலில சௌசௌ காய்க்கும், சௌசௌ கூட்டு, சௌசௌ சாம்பார், கடைசில சௌசௌ தோல்ல துவையல், இன்னைக்கும் எங்க வீட்ல சௌசௌ பேர எடுத்தா பிள்ளைங்க ஓடிருதுங்க. சாயங்காலம் ஒருத்தர் வீட்டு ரேடியோல கோடை எஃப்எம் சத்தமா வைப்பாரு, அந்தப் பாட்டு தெரு பூரா கேக்கும், யாரும் யாரு வீட்டுக்கும் போகல ஆனா எல்லாரும் ஒரே பாட்ட கேட்டோம். பெருசுங்க அதுல "ஏய் நல்லா வையிடா"ன்னு கத்துறதே அவங்க சௌக்கியமா இருக்காங்கங்கற தகவல். வயசானவங்க தனியா இருந்த மூணு வீட்ல காலைல எட்டு மணிக்கு ஜன்னல தெறந்து வைக்கணும்னு பேசி வச்சிருந்தோம், தெறக்கலன்னா போயி கதவ தட்டணும். ஒரே ஒரு நாள்தான் தட்ட வேண்டி வந்துச்சு, பாட்டி தூங்கிருச்சு, திட்டு எங்களுக்கு.

ஏரிக்கரைல மனுசன் இல்லாம காட்டுமாடு படுத்துக் கெடந்துச்சு. நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. ஃபோட்டோவுக்கு நல்லா இருந்துச்சு, ராத்திரி கடைய மூடிட்டு நடந்து வர்ற எனக்கு இல்ல.

இப்பவும் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேணுமாமே, திரும்ப கொரோனாவா?

இல்லப்பா. 2020 செப்டம்பர்ல மத்த ஊருக்கெல்லாம் எடுத்தப்பறமும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டுக்கு மட்டும் இருந்த பாஸ் வேற. இப்ப இருக்குறது 2024 மே 7லேர்ந்து ஐகோர்ட்டு சொல்லி வந்தது, வண்டி நெருக்கடிக்காக. அந்த வார்த்தைய கேட்டதும் வயித்துல ஒரு பிடி பிடிக்குதுல்ல, எனக்கும் பிடிச்சுது.

அந்த ஆக்சிமீட்டர் வீட்ல சும்மா கெடக்கு, திரும்ப எடுத்துக்குவீங்களா?

எடுத்துக்க மாட்டோம். வச்சுக்கங்க, வீட்ல ஆஸ்துமா இருந்தா உதவும். ஆனா உள்ள இருக்குற ரெண்டு செல்லையும் கழட்டி தனியா வைங்க, இல்லன்னா இங்க இருக்குற ஈரத்துக்கு கசிஞ்சு பச்ச பூத்துரும். எல்லாருக்கும் இத சொல்லிட்டு என்னோடத போன வாரம் எடுத்து பாத்தேன், பூத்திருந்துச்சு.